டி.பி. பார்த்தாரா? நனவு பற்றிய தத்துவத்தையும் உளவியலையும் ஒன்றாகச் சிக்கவைத்த ஒரு நோயாளி

நனவு பற்றிய தத்துவத்தில் கற்பனை மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே எந்த அனுபவமும் இல்லாமல் வெளியே நம்மைப் போலவே பேசி நடமாடும் ஜோம்பி ஒருவர். கறுப்பு வெள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்து, நிறங்களைப் பற்றி எல்லாவற்றையும் படித்தே தெரிந்துகொண்ட விஞ்ஞானி இன்னொருவர். இவர்களை வைத்து எதை வேண்டுமானாலும் வாதிடலாம். மறுத்துப் பேச அவர்கள் வரப்போவதில்லை. இந்தக் கூட்டத்துக்கு நடுவே நிஜமாக வாழ்ந்த ஒருவரும் அடிக்கடி தலைகாட்டுகிறார். மருத்துவ ஆய்வுகள் அவரை டி.பி. என்ற இரண்டு எழுத்தால்தான் குறிப்பிடுகின்றன.

அவரைப் பற்றிய கதையை வழக்கமாக இப்படிச் சொல்வார்கள்: பார்வைப் பரப்பில் பாதி போய்விட்ட ஒருவர், 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று சொல்லிக்கொண்டே, தெரியாத பக்கத்தில் இருந்தவற்றைச் சரியாகச் சுட்டிக்காட்டினார், ஆகவே நனவு இல்லாமலேயே பார்க்க முடியும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 'ஆகவே' எந்த அளவுக்கு நிற்கும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. டி.பி.யின் மூளையில் என்ன நடந்தது என்பதைப் போலவே, அவரிடம் எந்தக் கேள்வி எந்த விதத்தில் கேட்கப்பட்டது என்பதும் முக்கியம். உளவியல் இன்றுவரை தடுமாறுவதும் அந்த இடத்தில்தான்.

நோயும் அறுவை சிகிச்சையும்

டி.பி. இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 14 வயதில் கடுமையான ஒற்றைத் தலைவலி தொடங்கியது. வலி வருவதற்கு முன் பார்வையின் இடப்பக்கத்தில் ஒரு நீள்வட்ட ஒளி மினுங்கும். அப்புறம் அந்த இடம் மங்கும். வயது ஏற ஏற, வலி போன பிறகும் அங்கே ஒரு குருட்டுத் திட்டு தங்கிவிட்டது. சோதித்ததில், மூளையின் வலது பின்மடல் நுனியில் தமனிகளும் சிரைகளும் முறையின்றிப் பின்னிக் கிடந்தது தெரியவந்தது. 1973-ல், அவருக்கு 33 வயதாக இருந்தபோது, லண்டனில் அறுவை சிகிச்சை செய்து அந்தப் பின்னலை அகற்றினார்கள். கூடவே வலப்பக்க முதன்மைப் பார்வைப் புறணியின், அதாவது கண்ணிலிருந்து வரும் காட்சி முதலில் போய்ச் சேரும் மூளை மேலடுக்கின், பெரும்பகுதியும் போயிற்று.

தலைவலி விட்டது. விலையாக, இரண்டு கண்களிலும் பார்வைப் பரப்பின் இடது பாதி இருண்டது. இது எதிர்பார்த்ததுதான். வலப்பக்கப் புறணி வலக்கண்ணுக்கு உரியது அல்ல. இரு கண்களிலிருந்தும் வரும் இடப்பக்கக் காட்சி முழுவதும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. கண் நல்ல நிலையில் இருந்தாலும் புறணி போனால் அந்தப் பாதி போய்விடும் என்பதுதான் பாடநூல் சொல்லும் விதி. முதல் உலகப் போரில் தலையில் காயம்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்துக் கிடைத்த அறிவு அது. அந்தச் சிப்பாய்களில் சிலர், குருட்டுப் பகுதியில் ஏதோ அசைவது மட்டும் தெரிகிறது என்று சொன்னதை நரம்பியல் மருத்துவர் ஜார்ஜ் ரிட்டாக் 1917-லேயே எழுதியிருந்தார். ஆனால் அந்தக் குறிப்பு பெரிதாக எடுபடவில்லை.

டி.பி. விஷயத்தில் முதல் உறுத்தல் கண் மருத்துவர் மைக்கேல் சாண்டர்ஸுக்கு வந்தது. இருண்ட பக்கத்தில் நீட்டிய கையை நோக்கி டி.பி.யின் கை ஓரளவு சரியாகவே போனது. கேட்டால், கையே தெரியவில்லை என்றார். விஷயம் நரம்பியல் உளவியலாளர் எலிசபெத் வாரிங்டனுக்கும் ஆக்ஸ்போர்டில் இருந்த உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸுக்கும் போனது.

குரங்கிடம் கேட்ட கேள்வி

இதை ஏன் வைஸ்க்ரான்ட்ஸ் உடனே பிடித்துக்கொண்டார் என்பதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் பல ஆண்டுகளாகக் குரங்குகளை ஆராய்ந்துவந்தவர். 1965-ல் கேம்பிரிட்ஜில் ஹெலன் என்ற குரங்கின் முதன்மைப் பார்வைப் புறணி அகற்றப்பட்டது. விதிப்படி அது முழுக் குருடாகியிருக்க வேண்டும். அங்கே மாணவராக இருந்த நிக்கோலஸ் ஹம்ஃப்ரி, ஹெலனோடு விடாமல் பழகி விளையாடிப் பார்த்தார். வருடங்கள் போகப்போக, ஹெலன் பொருட்கள் நிறைந்த அறையில் எதிலும் முட்டாமல் ஓடவும் தரையில் கிடக்கும் சின்னத் துணுக்குகளைப் பொறுக்கவும் கற்றுக்கொண்டது.

அப்படியென்றால், அதே புறணியை இழந்த மனிதர் மட்டும் ஏன் முழுக் குருடாகிறார்? மனித மூளை வளர்ந்துவிட்டது, கீழ்மட்டப் பகுதிகளின் வேலை மேல்மட்டப் புறணிக்கு ஏறிவிட்டது என்பதுதான் வழக்கமான விளக்கம். வைஸ்க்ரான்ட்ஸ் வேறு ஒன்றைக் கவனித்தார். குரங்கிடம் யாரும் 'உனக்குத் தெரிகிறதா' என்று கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. இரண்டில் ஒன்றைத் தொடு, சரியாகத் தொட்டால் தின்பண்டம் என்றுதான் சோதிப்பார்கள். மனிதரிடமோ 'ஏதாவது தெரிகிறதா, சொல்லுங்கள்' என்றுதான் கேட்பார்கள். இரண்டு இனங்களும் வேறுபட்டதற்குக் காரணம் மூளையில் இல்லாமல், சோதித்தவரின் கேள்வியில் இருக்கலாம் அல்லவா?

எனவே டி.பி.யிடம் குரங்கிடம் கேட்கும் கேள்வியே கேட்கப்பட்டது. 'தெரியாவிட்டால் பரவாயில்லை, ஊகித்துச் சொல்லுங்கள். விளக்கு எங்கே மின்னியது என்று விரலால் காட்டுங்கள். கோடு நெட்டாக இருந்ததா, கிடையாக இருந்ததா? வந்தது எக்ஸ் எழுத்தா, ஓ எழுத்தா?' உருவம் போதிய அளவு பெரிதாக இருந்தபோது அவருடைய ஊகங்கள் குருட்டு அதிர்ஷ்டத்தைத் தாண்டி வெகுதூரம் சரியாக இருந்தன. முடிவுகளைக் காட்டியபோது அவர் நம்பவில்லை. சும்மா ஊகித்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் கை சரியான இடத்தை நோக்கிப் போவதைக் காணொளியில் பார்த்தபோது வெளிப்படையாகவே திகைத்தார்.

1974-ல் 'பிரெய்ன்' இதழில் இந்த ஆய்வு வெளியானது. அதே ஆண்டு 'லான்செட்' இதழில் வந்த ஒரு குறிப்பில் இதற்கு 'பிளைண்ட்சைட்' (குருட்டுப் பார்வை) என்று பெயர் வைத்தார்கள். முந்தைய ஆண்டே, மூளைக் காயம்பட்ட சிலர் தங்களுக்குத் தெரியாத ஒளியை நோக்கிக் கண்ணைத் திருப்ப முடிகிறது என்று பெப்பல், ஹெல்ட், ஃப்ராஸ்ட் மூவரும் எழுதியிருந்தார்கள். ஆனால் விரிவாக, விடாமல், பல வருடங்களுக்குச் சோதிக்கப்பட்டவர் டி.பி.தான்.

பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு விவரம் இங்கே உண்டு. எக்ஸா ஓவா என்று சொல்ல எது உதவியது என்று கேட்டபோது, சில சமயம் வழவழப்பாகவோ முள்முள்ளாகவோ ஒரு உணர்வு வருகிறது, ஆனால் அது பார்ப்பது மாதிரி இல்லை என்று டி.பி. சொல்லியிருக்கிறார். ஒன்றுமே இல்லை என்ற நிலையும், பார்க்கவில்லை, ஆனால் ஏதோ இருக்கிறது என்ற நிலையும் ஒன்றல்ல. பின்னாளில் வைஸ்க்ரான்ட்ஸே பிளைண்ட்சைட்டை இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டிவந்தது. எந்த உணர்வும் இல்லாதது முதல் வகை. பார்வை இல்லாவிட்டாலும் ஏதோ நிகழ்ந்தது என்ற உணர்வு இருப்பது இரண்டாம் வகை. தத்துவக் கட்டுரைகளில் வரும் டி.பி. எப்போதும் முதல் வகைதான். நிஜ டி.பி. அவ்வளவு ஒழுங்கானவர் இல்லை.

சந்தேகங்கள்

1983-ல் கேம்பியன், லாட்டோ, ஸ்மித் என்ற மூவர் இந்தக் கட்டுமானம் முழுவதையும் உலுக்கிப் பார்த்தார்கள். அவர்களுடைய சந்தேகம் மூன்று: குருட்டுப் பக்கத்தில் காட்டிய ஒளி சிதறி நல்ல பக்கத்தில் விழுந்திருக்கலாம், புறணியில் ஏதாவது துண்டு மிஞ்சியிருக்கலாம், அல்லது இது நனவற்ற பார்வையே அல்ல, மிக மங்கலான சாதாரணப் பார்வையாக இருக்கலாம்.

முதல் சந்தேகத்துக்குக் கிடைத்த பதில் அழகானது. நம் எல்லோருடைய கண்ணிலும், பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்களே இல்லாத ஒரு புள்ளி உண்டு. டி.பி.யின் ஒரு கண்ணில் அந்தப் புள்ளி இருண்ட பாதிக்குள் விழுந்தது. ஒளியை அந்தப் புள்ளியின் மேல் விழவைத்தபோது அவருடைய ஊகம் வெறும் குருட்டு ஊகமாகிவிட்டது. சற்றுத் தள்ளி, அதே இருண்ட பாதிக்குள் விழவைத்தால் மறுபடி சரியாகச் சொன்னார். சிதறிய ஒளிதான் காரணம் என்றால் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் சில நோயாளிகள் விஷயத்தில் உண்மையாகவே இருந்தது. ஆனால் புறணியை முழுமையாக அகற்றிய குரங்குகளும் அதே திறனைக் காட்டுவதால் எல்லாவற்றையும் அதன் தலையில் போட முடியாது. பார்வை நரம்பின் இழைகள் எல்லாமே முதன்மைப் புறணிக்குப் போவதில்லை. ஒரு பகுதி நடுமூளைக்குப் போகிறது. புலன் தகவல்களைப் புறணிக்கு அனுப்பும் தலாமஸிலிருந்து, முதன்மைப் புறணியைச் சுற்றிக்கொண்டு, அசைவைக் கையாளும் பகுதிக்கு நேராகப் போகும் பாதையும் உண்டு. முதன்மைப் புறணி சேதமான குரங்குகளில் தலாமஸின் அந்தப் பகுதியைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்தபோது பிளைண்ட்சைட்டும் மறைந்தது என்று 2010-ல் காட்டினார்கள்.

மூன்றாவதுதான் பெரிய சந்தேகம், இன்னும் ஓயாத சந்தேகமும் கூட. 'தெரிகிறதா' என்று கேட்டால் ஆம் சொல்வதா இல்லை சொல்வதா என்பது உள்ளே இருக்கும் சமிக்ஞையின் பலத்தை மட்டும் பொறுத்ததல்ல. எவ்வளவு பலம் இருந்தால் ஆம் சொல்லலாம் என்று ஒருவர் தனக்குள் வைத்திருக்கும் வரம்பையும் பொறுத்தது. தயக்கக்காரர் வரம்பை உயர்த்தி வைத்திருப்பார். லேசாகத் தெரிந்தாலும் 'இல்லை' என்பார். ஊகிக்கச் சொன்னால் சரியாகச் சொல்வார். டி.பி. வெறும் தயக்கக்காரரா?

இதை ஜி.ஒய். என்ற இன்னொரு நோயாளியிடம் அஸ்ஸோபார்டியும் ஆலன் கௌவியும் 1997-ல் சோதித்தார்கள். ஜி.ஒய். 8 வயதில் விபத்தில் இடப்பக்கப் புறணியை இழந்தவர். வரம்பின் விளைவைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, 'தெரிகிறதா', 'ஊகித்துச் சொல்லுங்கள்' என்ற இருவகைக் கேள்விகளிலும் அவருடைய திறனை ஒப்பிட்டார்கள். சாதாரணக் கண்ணுள்ளவருக்கு மங்கலான ஒளியைக் காட்டினால் இரண்டு திறன்களும் ஒத்துப்போகும். ஜி.ஒய்.க்கு ஒத்துப்போகவில்லை. ஆகவே இது வெறும் மங்கலான பார்வை அல்ல என்றார்கள். தத்துவவாதி இயன் பிலிப்ஸ் 2021-ல் இதையெல்லாம் மறுபடி கிளறி, பிளைண்ட்சைட் என்பது தரம் குறைந்த, ஆனால் நனவுள்ள பார்வைதான்; நோயாளிகள் எச்சரிக்கையாகப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் என்று விரிவாக வாதிட்டார். இந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. வழவழப்பு, முள்முள் என்று டி.பி. சொன்னது பிலிப்ஸ் பக்கம் சாய்கிறது.

மறுபக்கம் சாய்வது குரங்குகள். 1995-ல் கௌவியும் பெட்ரா ஸ்டோரிக்கும் ஒரு பக்கப் புறணியை இழந்த குரங்குகளுக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார்கள். திரையில் ஒளி தோன்றிய இடத்தைத் தொடுவது ஒரு வேலை. குருட்டுப் பக்கத்திலும் குரங்குகள் பிரமாதமாகத் தொட்டன. இன்னொரு வேலையில், ஒன்றும் வரவில்லை என்று சொல்வதற்கும் ஒரு கட்டம் இருந்தது. இப்போது குருட்டுப் பக்கத்தில் ஒளி வந்தபோது அவை 'ஒன்றும் வரவில்லை' கட்டத்தையே அழுத்தின. பேசத் தெரியாத உயிரிடமிருந்து 'தெரியவில்லை' என்ற சாட்சியம் வாங்கிய இந்தச் சோதனை, என் கணக்கில், இந்தத் துறையிலேயே மிகப் புத்திசாலித்தனமானது. ஆனால் வரம்புக் கேள்வி இங்கேயும் நுழையலாம். குரங்குக்கும் தயக்கம் இருக்கக் கூடாதா என்ன?

தத்துவவாதிகள் டி.பி.யை என்ன செய்தார்கள்

டி.பி. பற்றிய ஆய்வு வெளியான அதே 1974-ல்தான், வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று கேட்ட தாமஸ் நேகலின் கட்டுரையும் வந்தது. ஓர் உயிருக்கு நனவு இருக்கிறது என்றால், அந்த உயிராக இருப்பது அந்த உயிருக்கு எப்படியோ இருக்கிறது என்று பொருள். அதை வெளியிலிருந்து அளந்து பிடிக்க முடியாது என்பது அவருடைய வாதம். நேகலின் கட்டுரையைப் படித்துவிட்டு டி.பி.யைப் பார்ப்பவருக்குக் கை அரிக்கும். இதோ, தகவல் இருக்கிறது, நடத்தை இருக்கிறது, 'எப்படியோ இருப்பது' மட்டும் இல்லாத பார்வை! ஜோம்பி பாதி கிடைத்துவிட்டது போலத் தோன்றும்.

இங்கேதான் நெட் பிளாக் 1995-ல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். அவர் எதிர்த்த வாதம் இது: தாகமெடுத்த பிளைண்ட்சைட் நோயாளி, குருட்டுப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் கோப்பையைத் தானாக எடுக்கமாட்டார், யாராவது ஊகிக்கச் சொன்னால்தான் கை போகும், எனவே தானாகச் செயல்படத் தூண்டுவதுதான் நனவின் வேலை. பிளாக் கேட்டார்: எந்த நனவைச் சொல்கிறீர்கள்? அனுபவமாக உணர்வது ஒன்று. ஒரு தகவல் யோசிக்கவும் பேசவும் செயல்படவும் கைக்கெட்டுவதாக இருப்பது இன்னொன்று. டி.பி.க்கு இரண்டுமே இல்லை. இரண்டும் சேர்ந்து போன ஒருவரை வைத்து, கோப்பையை எடுக்காததற்கு முதலாவது இல்லாததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டையும் பிரித்துக் காட்ட அவர் ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கினார். (கற்பனை மனிதர்கள் இல்லாமல் இவர்களால் இருக்க முடியாது.) யாரும் தூண்டாமலேயே தன்னைத் தானே ஊகிக்கச் சொல்லிப் பழகிய, பக்கத்தில் எக்ஸ் இருக்கிறது என்ற எண்ணம் தானாகவே மனதில் வந்துவிழும், ஆனால் எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒருவர். அதிபிளைண்ட்சைட். அப்படி யாரும் நிஜத்தில் இல்லை என்று பிளாக்கே ஒத்துக்கொண்டார்.

டேனியல் டென்னட் இதற்கு முன்பே, 1991-ல், வேறு திசையில் போயிருந்தார். டி.பி.க்குக் கிடைக்கும் தகவல் மிகமிகக் குறைவு. எக்ஸா ஓவா என்ற அளவுதான். அவருக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்து, எப்போது ஊகிக்க வேண்டும் என்பதை அவரே கண்டுபிடிக்கும்படி செய்து, தகவலின் வளத்தையும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அவரே 'தெரிகிறது' என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் நனவு என்று தனியாகச் சேர்க்க எதுவும் இருக்காது என்பது டென்னட்டின் எண்ணம். பிளாக்குக்கு அனுபவமும் அணுகலும் (தகவல் கைக்கெட்டுவதும்) வேறுவேறு. டென்னட்டுக்கு அணுகல் முழுமையாகக் கிடைத்துவிட்டால் அனுபவம் அதிலேயே வந்துவிட்டது.

மற்றவர்களும் டி.பி.யை விட்டுவைக்கவில்லை. நனவு என்பது தன் மனநிலையைப் பற்றிய மேல்நிலை எண்ணம் என்பவர்கள், டி.பி.யிடம் பார்வை இருக்கிறது, அதைப் பற்றிய எண்ணம் இல்லை என்றார்கள். தகவல் மூளை முழுக்க ஒலிபரப்பாவதுதான் நனவு என்பவர்கள், அவருடைய தகவல் ஒலிபரப்பாகவில்லை என்றார்கள். மேல்புறணியிலிருந்து முதன்மைப் புறணிக்குத் திரும்பிவரும் சுழற்சிதான் நனவு என்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். முதன்மைப் புறணியே போய்விட்டதே! எல்லாக் கோட்பாட்டுக்கும் ஒரே நோயாளி சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியத்தால் எந்தக் கோட்பாடும் பெரிதாக ஜெயித்துவிடவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் எல்லோருக்குமே சங்கடம் தரும் ஒரு தகவல் 2002-ல் வந்தது. நாம் ஒரு பளிச்சென்ற உருவத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு வெற்றுப் பரப்பைப் பார்த்தால் அதன் பின்பிம்பம் தெரியுமல்லவா? டி.பி.க்குக் குருட்டுப் பக்கத்தில் உருவம் இருக்கும்போது ஒன்றும் தெரியாது. அது போன பிறகு அதன் பின்பிம்பம் நனவாகவே தெரிகிறது என்று வைஸ்க்ரான்ட்ஸும் கௌவியும் உடன் ஆய்வாளர் ஒருவரும் பதிவுசெய்தார்கள். பொருள் தெரியவில்லை, அதன் எச்சம் தெரிகிறது. அந்தப் பகுதியில் பார்வை அனுபவமே பிறக்க முடியாது என்பவர்களுக்கு இது இடிக்கிறது. அவர் தயக்கத்தால்தான் 'இல்லை' என்கிறார் என்பவர்களுக்கும் இடிக்கிறது. மங்கலான பின்பிம்பத்துக்குத் தயங்காதவர் நிஜப் பொருளுக்கு ஏன் தயங்க வேண்டும்?

இரு பக்கப் புறணியையும் இழந்தவர்

டி.என். என்ற மருத்துவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பக்கவாதம் வந்து இரு பக்க முதன்மைப் பார்வைப் புறணியும் அழிந்தது. ஊன்றுகோல் வைத்து நடப்பவர். வடிவங்களை அவரால் ஊகிக்கவும் முடியவில்லை. ஆனால் முகங்களைக் காட்டியபோது அது கோபமுகமா மகிழ்ச்சிமுகமா என்பதை ஓரளவு சரியாக ஊகித்தார். உணர்ச்சிகளைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலா, அவருடைய வலப்பக்கத்தில், உணர்ச்சி காட்டும் முகங்களுக்குச் செயல்பட்டது. இது 2005-ல் வெளியானது. 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில், பொருட்கள் இறைந்து கிடந்த நீண்ட நடைவழியில் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கச் சொன்னார்கள். எதிலும் முட்டாமல் வளைந்து வளைந்து நடந்துபோனார். வழியில் பொருட்கள் இருந்ததே தனக்குத் தெரியாது என்றார்.

தண்ணீர்க் கோப்பை வாதத்துக்கு இது நேரடி அடி. ஊகிக்கச் சொல்லி யாரும் தூண்டவில்லை. கால் தானாக விலகியது. தானாகச் செயல்படுவதுதான் நனவின் வேலை என்று மொத்தமாகச் சொல்வது இனி சரிவராது. எந்தச் செயல் என்று கேட்டாக வேண்டும். தடையை விலக்கி நடப்பது ஒன்று, தடை இருக்கிறது என்று தெரிந்து வேறு வழி தேர்ந்தெடுப்பது இன்னொன்று.

உளவியலுக்கு என்ன வேலை

உளவியல் தனித் துறையாகப் பிறந்ததே நனவை ஆராயத்தான். 1879-ல் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் சோதனைக்கூடம் தொடங்கியபோது, உள்ளே நிகழ்வதை ஆளே கவனித்துச் சொல்வதுதான் தரவு. ஆளுக்கு ஆள் சொல்வது வேறுபட்டதும், 1913-ல் ஜான் வாட்சன் அந்தக் கடையையே மூடச் சொன்னார்; நடத்தையை மட்டும் அளந்தால் போதும் என்றார். டி.பி.யை வாட்சனிடம் அனுப்பியிருந்தால் 'சரியாகச் சுட்டிக்காட்டுகிறார், பார்வை இருக்கிறது, அடுத்தவர் வரலாம்' என்றிருப்பார். அகநோக்கை நம்பியவர்களிடம் அனுப்பியிருந்தால் 'தெரியவில்லை என்கிறார், பார்வை இல்லை' என்றிருப்பார்கள். இரண்டு பேரும் பாதியைத் தவறவிட்டிருப்பார்கள். சொல்வதும் செய்வதும் பிரிந்து நிற்பதுதான் இங்கே தரவு. இரண்டையும் அளந்தால்தான் அது கண்ணில் படும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாட்சனுக்கு வெகு முன்பே, 1884-ல், சார்லஸ் பியர்ஸும் ஜோசஃப் ஜாஸ்ட்ரோவும், அழுத்தத்தில் மிகச் சிறிய வித்தியாசத்தைத் தங்களுக்கே தெரியவில்லை என்று நினைத்த நிலையிலும் ஊகித்துச் சொல்ல முயன்றார்கள். ஊகங்கள் தற்செயலைவிடச் சரியாகவே வந்தன. ஆரோக்கியமான மூளையிலேயே சொல்வதும் செய்வதும் பிரியும் என்று அப்போதே கையில் இருந்தது. அப்புறம் தொண்ணூறு வருடம் அதை வைத்து உளவியல் பெரிதாக எதையும் கட்டவில்லை.

டி.பி.க்குச் சில வருடங்கள் முன்பு, வாரிங்டனும் வைஸ்க்ரான்ட்ஸும் நினைவிழப்பு நோயாளிகளிடம் இதே பிளவைக் கண்டிருந்தார்கள். முன்பு பார்த்த படத்தை அவர்கள் பார்த்ததாகவே நினைவில்லை என்பார்கள். ஆனால் அதே படத்தைச் சிதைத்துத் துண்டுதுண்டாகக் காட்டினால், முன்பைவிடச் சீக்கிரம் அடையாளம் சொல்வார்கள். 'இதைப் பார்த்தது நினைவிருக்கிறதா' என்ற கேள்விக்கும் 'இது என்ன' என்ற கேள்விக்கும் ஒரே மூளை வெவ்வேறு பதில் தருகிறது. நினைவு ஆய்வில் வெளிப்படை நினைவு, உள்ளுறை நினைவு என்ற பிரிவு வேரூன்ற இத்தகைய ஆய்வுகள் வழிவிட்டன. நினைவுத் துறை இதை எளிதாக ஏற்றுக்கொண்டது, பார்வைத் துறைதான் முரண்டு பிடித்தது. நினைவில்லாமல் கற்கலாம் என்பதைவிட, தெரியாமல் பார்க்கலாம் என்பது நம் பெருமையை அதிகம் சீண்டுகிறது போல.

நடைமுறையில் இது எங்கே கடிக்கிறது? நனவிலித் தூண்டல் பற்றிய சோதனைகளில். ஒரு சொல்லைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டி, உடனே வேறொரு உருவத்தால் மறைப்பார்கள். 'தெரியவில்லை' என்று ஆள் சொன்னால், அதன் பிறகு அந்தச் சொல் அவருடைய பதில்களைப் பாதித்தால், அது நனவிலி விளைவு என்று எழுதுவார்கள். ஆனால் அதே ஆளை 'இரண்டில் எந்தச் சொல்' என்று ஊகிக்கச் சொன்னால் தற்செயலைவிடச் சற்று மேலே வரலாம். அப்போது அவருக்குத் தெரிந்ததா இல்லையா? அவர் வாய்மொழியை எல்லையாக வைத்தால் தெரியவில்லை. ஊகத் திறனை எல்லையாக வைத்தால் தெரிந்தது. 1984-ல் சீஸ்மனும் மெரிக்கிளும் இந்த இரண்டு எல்லைகளையும் பெயர் வைத்துப் பிரித்துக்காட்டினார்கள். அதற்குப் பிறகும், எந்த எல்லையை எடுத்தோம் என்பதை முறையியல் பகுதியில் ஒரே வரியில் கடந்துபோகும் கட்டுரைகள் ஏராளம். அந்த ஒரு வரி வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. நனவு என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எடுத்துவிட்டோம் என்பதுதான் அதன் பொருள். பிளாக்கா டென்னட்டா என்று யோசிக்காமலேயே எடுத்த பக்கம்.

நடுவழி தேடியவர்களும் உண்டு. ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுக்குப் பதிலாக, ஒன்றுமில்லை, லேசான மினுக்கம், கிட்டத்தட்டத் தெளிவு, தெளிவு என்று நான்கு படிகள் கொண்ட அளவுகோலை ராம்சோய், ஓவர்கார்ட் இருவரும் 2004-ல் கொண்டுவந்தார்கள். நான்கு வருடம் கழித்து, அதே அளவுகோலைக் கொண்டு ஒரு பிளைண்ட்சைட் நோயாளியை ஓவர்கார்டும் குழுவும் சோதித்தபோது, அவருடைய சரியான பதில்கள் பெரும்பாலும் லேசான உணர்வோடு சேர்ந்தே வந்தன. இரண்டே கட்டம் கொடுத்தால் 'தெரியவில்லை' கட்டத்தில் விழுந்திருக்கும் உணர்வுகள் அவை. ஜி.ஒய்.யிடம் வேறொரு குழு, 2007-ல், பதிலின் மேல் பணம் பந்தயம் கட்டச் சொல்லிப் பார்த்தது. பல தடவை சரியாகச் சொல்லியும் அவர் தைரியமாகப் பெரிய தொகை கட்டவில்லை. தன் பதில் சரி என்பது அவருக்கே தெரியவில்லை என்பது அதன் விளக்கம். ஆனால் பந்தயம் கட்டத் தயங்குவது பணத்தை இழக்கும் பயத்தாலும் இருக்கலாம். அளவுகோலை எவ்வளவு மாற்றினாலும், அளவுகோலுக்கும் அனுபவத்துக்கும் நடுவில் ஒரு தீர்மானம் உட்கார்ந்திருக்கிறது.

மருத்துவமனையில் இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகிறது. கண்ணிலும் மூளையிலும் சேதம் எதுவும் தெரியாமல் 'பார்வை இல்லை' என்று வருபவர்களைச் சோதிக்க, தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு விடையைச் சொல்லவைக்கும் கட்டாயத் தேர்வு முறையைப் பயன்படுத்துவதுண்டு. தற்செயலைவிடக் குறைவாக, அதாவது அளவுக்கு மீறித் தவறாகச் சொன்னால், சரியான விடை தெரிந்தே தவிர்க்கிறார் என்ற சந்தேகம் எழும். தற்செயலைவிடச் சரியாகச் சொன்னால்? நடிக்கத் தெரியாத நடிப்பாக இருக்கலாம். நடிப்பே இல்லாத, உறுப்பில் சேதம் இல்லாமலேயே அதன் வேலை தடைபடும் செயல்பாட்டுக் கோளாறாக இருக்கலாம். மூளைச் சேதம் இருந்தால் பிளைண்ட்சைட்டாக இருக்கலாம். மூவரின் மதிப்பெண்ணும் தாளில் ஒன்று போலவே தெரியும். சொல்வதற்கும் செய்வதற்கும் இடையே பிளவு தெரிந்ததுமே 'பொய்' என்று எழுதும் மருத்துவர், தெரியாமலேயே ஒரு தத்துவ நிலைப்பாட்டை நோயாளியின் கோப்பில் ஏற்றிவிடுகிறார்.

பயிற்சி கொடுத்தால்

டென்னட்டின் ஊகம் வெறும் நாற்காலி ஊகமாக நின்றுவிடவில்லை. பார்வைப் பரப்பில் பகுதி இழந்தவர்களுக்கு, குருட்டுப் பகுதியில் தினமும் வடிவங்களைக் காட்டிப் பல வாரம் பயிற்சி கொடுத்த ஆய்வு ஒன்றை அராஷ் சஹ்ராயி குழு 2006-ல் வெளியிட்டது. கண்டறியும் திறன் கூடியது. கூடவே, ஏதோ தெரிகிறது என்று சொல்வதும் கூடியது. ஹெலனுக்கு வருடக்கணக்கில் நடந்ததும் ஒருவேளை இதுதான்.

டென்னட் சரி, பிளாக் தவறு என்று இதை வைத்து முடிவுகட்டத் தோன்றும். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பயிற்சியில் மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறியிருக்கலாம்: மாற்றுப் பாதைகள் வலுத்திருக்கலாம், அனுபவமே புதிதாக முளைத்திருக்கலாம், அல்லது முன்பே இருந்த மங்கலான ஏதோ ஒன்றுக்கு 'தெரிகிறது' என்று பெயர் சொல்லும் துணிச்சல் வந்திருக்கலாம். முதலாவதை மூளைப் படத்தால் பிடிக்கலாம். மூன்றாவதை, பயிற்சிக்கு முன்னும் பின்னும் வரம்பைத் தனியாக அளந்து, பயிற்சி தராத இடத்திலும் 'தெரிகிறது' கூடுகிறதா என்று பார்த்துக் கழிக்கலாம். இரண்டையும் கழித்த பின் மீதி ஏதாவது நின்றால் அது இரண்டாவதாக இருக்க வாய்ப்பு உண்டு. டென்னட் வழியில் யோசிப்பவர், கழித்த பின் மீதி என்று ஒன்று இருக்கும் என்பதையே ஒப்புக்கொள்ளமாட்டார். பிளாக் வழியில் யோசிப்பவருக்கோ அந்த மீதிதான் முழு விஷயமும். அடுத்த சோதனையை வடிவமைப்பவர், இந்த இருவரில் யாருடைய கணக்குப்படி முடிவை வாசிக்கப்போகிறோம் என்பதை முதல் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்பே எழுதிவைத்தால், பிறகு வரும் சண்டையில் பாதியாவது குறையும்.